ஆணிச் சாவி

பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கிச் செப்பனிடும் பழக்கம் நமக்கு உண்டு என்று சொன்னால், கேட்போர் இருவகையாக நம்மை நோக்குவதுண்டு. வசதி படைத்தவர் போலும் என்று வியப்போர் ஒரு வகை. பேரன் பேத்தி எடுத்த வயதில் இது என்ன விளையாட்டு என்று நகைப்போர் மற்றொரு வகை. முதல் வகையினர் நமது வீட்டைப் பார்த்திராதவர்கள். இரண்டாம் வகையினருள் நம் மனைவியாரும் ஒருவர் என்பதை மறைப்பதற்கில்லை.

பள்ளியொன்றில் நெடுங்காலம் தமிழ் கற்பித்து 2013-இல் ஓய்வு பெற்றோம். ஓய்வூதியம் வரும் நாளன்று மனைவியார் அரிசிக்கு, பாலுக்கு, மருந்துக்கு, மின்சாரத்திற்கு, சந்தாவுக்கு என்று பிரித்து வைத்துவிட்டு, எஞ்சியதில் 1,200 ரூபாயை எண்ணி நம் கையில் தருவார். அது ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். வண்டிகளுக்கான செலவு அனைத்தும் அந்த டப்பாவிலிருந்தே நடைபெற வேண்டும் என்பது வீட்டின் சட்டம். டப்பா காலியாயின் வேலை நிற்கும். ஒரு பிஸ்டனுக்காக மூன்று மாதம் காத்திருந்த காலமும் உண்டு. பணமுள்ளவர் ஆறு வாரத்தில் முடிக்கும் வேலையை நாம் இரண்டாண்டில் முடிக்கிறோம். ஆனால் அந்த இரண்டாண்டும் நமக்கு இன்பமாகவே கழிகின்றன. இது கஞ்சனின் சமாதானம் என்று யாரேனும் சொன்னால் மறுக்கமாட்டோம்.

இந்த ஆசைக்கு விதை இட்டது திண்டுக்கல்லின் தோல் ஷாப்புகளுள் ஒன்று. நம்முடைய அத்தா அங்கே கணக்கெழுதி வந்தார்கள். முதலாளியிடம் ஒரு ஜாவா இருந்தது. சிவந்த மாந்தளிர் நிறத் தொட்டி, இருமருங்கும் பளபளக்கும் குரோம் தகடு, பின்புறம் இரண்டு புகைக்குழாய்கள். அத்தா வாழ்நாள் முழுவதும் மிதிவண்டியைத் தவிர வேறொன்றில் ஏறியதில்லை. ஒரு நாள் மழைக்காக ஷாப்பின் தாழ்வாரத்தில் ஒதுங்கியிருந்தபோது, முதலாளி அந்த வண்டியைத் துடைக்கும்படி ஒரு துணியை நம் கையில் தந்தார். துடைத்தோம். அவ்வளவே நடந்தது. ஆயினும் அந்தத் தொட்டியின் வளைவு உள்ளங்கையில் அன்றிலிருந்து தங்கிவிட்டது.

ஜாவா என்றதும் தீவின் பெயர் என்று கருதுவோர் பலர். உண்மை வேறு. 1929-இல் செக்கோஸ்லோவாக்கியாவில் ஜானெசெக் என்பவர், ஜெர்மனியின் வாண்டரர் கம்பெனியிடமிருந்து மோட்டார் சைக்கிள் செய்யும் உரிமையைப் பெற்றார். இருவர் பெயரின் முதல் எழுத்துகளும் சேர்ந்து ‘ஜாவா’ ஆயின. அந்த வண்டியை நம் நாட்டில் செய்வதற்கு மைசூரில் ஐடியல் ஜாவா என்னும் தொழிற்சாலை எழுந்தது. 1961-இல் அன்றைய மைசூர் மாநில ஆளுநர் ஜெயசாமராஜ உடையார் அதைத் திறந்து வைத்தார். 1973 முதல் ‘யெஸ்டி’ என்னும் பெயரில் அதன் வண்டிகள் வந்தன. 1996-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. சென்னைத் திருவொற்றியூரில் 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு புல்லட்டும், போலந்து நாட்டு வண்டியைப் பின்பற்றி 1962 முதல் எஸ்கார்ட்ஸ் செய்த ராஜ்தூத்தும் ஜாவாவுக்கு உடன்பிறந்தோர் போல நம் சாலைகளில் ஓடின. பழைய புல்லட் இப்போது நம் போன்றோர் தொடும் விலையில் இல்லை. அதை விரும்புவோர் பெருகிவிட்டனர். மேலும் சிலர் வண்டியை விரும்புகின்றனரா, அதன் ஓசையால் தெருவை எழுப்புவதை விரும்புகின்றனரா என்பதும் விளங்கவில்லை. ஆகவே நமக்கு வாய்த்தவை ஒரு ராஜ்தூத்தும், அதன்பின் ஒரு ஜாவாவும்.

குறைந்த பொருளில் இவ்வேலையில் இறங்க எண்ணும் அன்பர்களுக்கு நாம் பட்டறிந்ததைச் சொல்லலாம். துருப்பிடித்திருந்தாலும் உறுப்பு குறையாத வண்டியை வாங்க வேண்டும். பளபளப்பாகச் சாயம் பூசி, உள்ளே நான்கு வண்டிகளின் உறுப்புகளைச் சேர்த்து வைத்திருப்பதை வாங்கலாகாது. துருவை அகற்றிவிடலாம், காணாமற்போன ஒரு சிறு மூடியைத் தேடி மைசூருக்கும் சென்னைப் புதுப்பேட்டைக்கும் அலைந்தால் அதன் விலையைவிடப் பேருந்துக் கட்டணம் அதிகமாகும். எல்லாவற்றுக்கும் முதலாவதாகப் பதிவுப் புத்தகத்தையும், சேசிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் ஒப்பிட வேண்டும். காகிதமில்லாத வண்டி காட்சிப் பொருளே. சாலையில் அதற்கு இடமில்லை.

பழைய இரும்புக் கடைகளை நாம் அடிக்கடி நாடுவதுண்டு. அவற்றுக்குக் காயலான் கடை என்று தமிழகமெங்கும் வழங்கும் பெயர் காயல்பட்டினத்தாரால் வந்தது என்பர். நம் சமுதாயத்துப் பெயர் ஒன்று துருவோடு சேர்ந்து நிலைத்துவிட்டதே என்று ஒரு நண்பர் வருந்தினார். நமக்கு அதில் வருத்தமில்லை. பிறர் எறிந்ததில் பயன் கண்டவர்களின் பெயர் அது.

2018 பிப்ரவரியில் அத்தகைய கடைக்காரர் ஒருவரே நம்மிடம் ஒரு செய்தி சொன்னார். பழனிச் சாலையில் ஒரு சிற்றூரில், கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் வீட்டுக் கொட்டகையில் பழைய ஜாவா ஒன்று கிடக்கிறது. எடைக்குப் போடுவதற்கு அவர் கேட்டனுப்பியிருக்கிறார் என்றார். மறுநாளே சென்றோம்.

கொட்டகையில் விறகுக்கும் ஓலைக்கும் நடுவே அது சாய்ந்து கிடந்தது. இரு சக்கரங்களும் மண்ணில் புதைந்திருந்தன. இருக்கையின் பஞ்சில் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. ஆனால் சங்கிலியை முழுதும் மூடும் இரும்புக் கூடு இருந்தது. முகப்பு விளக்கோடு ஒன்றாய் அமைந்த வேகமானி இருந்தது. தொட்டியின் குரோம் தகடுகள் இருந்தன. மரப்பெட்டியிலிருந்து அந்த அம்மையார் எடுத்துத் தந்த பதிவுப் புத்தகம் 1969-ஆம் ஆண்டினது. எண்கள் பொருந்தின. சாவி மட்டும் இல்லை. எங்கே போயிற்றோ தெரியவில்லை என்றார்.

அவருடைய கணவர் 2006-இல் வஃபாத்தானவர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே வண்டி நின்றுவிட்டதாம். மகன் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். கொட்டகையைப் பிரித்துவிட்டு ஓர் அறை கட்டவேண்டும் என்பதால் இதை அகற்ற எண்ணியதாகச் சொன்னார்.

“என்ன விலை எதிர்பார்க்கிறீர்கள் அக்கா?” என்று கேட்டோம்.

“எனக்கு என்ன தெரியும் தம்பி? நீங்கள் படித்தவங்க. நீங்களே பார்த்துச் சொல்லுங்க” என்றார்.

7,000 என்றோம். அவர் உடனே சம்மதித்தார். இரும்புக் கடைக்காரர் எடைக்கு எடுத்திருந்தால் 3,500-க்கு மேல் தரமாட்டார் என்பது நமக்குத் தெரியும். இரு மடங்கு தந்தோம் என்னும் நிறைவுடன் சின்ன யானை என்று நம் பக்கத்தில் வழங்கும் சிறு சரக்கு வண்டியில் ஜாவாவை ஏற்றிக்கொண்டு அஸருக்கு முன் வீடு வந்து சேர்ந்தோம். இதைப் போன்ற ஜாவா ஒன்று முந்தைய ஆண்டு கரூரில் 25,000-க்குக் கைமாறியதும் நமக்குத் தெரியும். வரும் வழியெல்லாம் அந்த எண் நம் நினைவில் எழவே இல்லை. எழாதிருந்தது எவ்வாறு என்பதைப் பின்னர் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம்.

வேலை தொடங்கிற்று. பிஸ்டன் உள்ளே இறுகிப் பிடித்திருந்தது. பிளக் துளை வழியே டீசலை ஊற்றி ஒன்பது நாட்கள் விட்டபின், மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டியதும் அசைந்தது. இந்த எஞ்சினுக்கு இரண்டு புகைக்குழாய்கள் இருப்பதால் இரண்டு சிலிண்டர் என்று பலரும் எண்ணுவர். சிலிண்டர் ஒன்றே; 65 மில்லிமீட்டர் குறுக்களவு, 75 மில்லிமீட்டர் ஓட்டம், 250 சி.சி.க்குச் சற்றே குறைவு. புகை வெளியேற மட்டும் இரு வாயில்கள். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் ஆதலால் வால்வு கிடையாது. எஞ்சினுக்கெனத் தனி எண்ணெய்த் தொட்டியும் கிடையாது. பெட்ரோலிலேயே லிட்டருக்கு 40 மில்லி எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் அறைக்குள் புகுந்து, அங்கே அமுக்குண்டு, பிறகே மேலே ஏறும். ஆகவே கிராங்கின் இருபுறமும் உள்ள ஆயில் சீல் காய்ந்து வெடித்திருந்தால், பிளக்கிலும் கார்புரேட்டரிலும் எத்தனை பாடுபட்டாலும் வண்டி நேராக ஓடாது. சிறிய ரப்பர் வளையம், மலிவான பொருள். அதை மாற்ற எஞ்சினை முழுதும் பிளக்க வேண்டும் என்பதால் பலர் அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மாற்றிச் செலவழிப்பர்.

பிளந்து பார்க்க நமக்குத் துணை நின்றவர் எழுபதைக் கடந்த ஒரு மெக்கானிக். இளமையில் ஜாவாவும் யெஸ்டியும் மட்டுமே தொட்டவர். இப்போது கண் மங்கிவிட்டது. விரலால் தடவியே பேரிங்கின் தேய்மானத்தைச் சொல்லிவிடுவார். கூலியாக அவர் கேட்டது ஒரு நாளைக்கு இருநூறு ரூபாயும் இரண்டு வேளைத் தேநீரும். நம் வீட்டுத் தேநீரில் இஞ்சி போதவில்லை என்பது அவருடைய நிலையான புகார். சிலிண்டரைப் போரிங் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டதும், கிராங்கை லேத்துப் பட்டறையில் பிரித்துக் கன்ராடு மாற்றியதும் அவர் மேற்பார்வையில் நடந்தவை. இந்த வண்டியில் கிக்கரும் கியர் மிதியும் ஒரே தண்டு. அதை உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர். உதைத்து எஞ்சின் ஓடியபின் முன்னே சாய்த்தால் கியர். இப்படி ஒரே மருமகளிடம் இரண்டு வீட்டு வேலையையும் வாங்கிய கம்பெனி வேறு கிடையாது என்பார் அவர்.

தொட்டியின் உட்புறத் துருவுக்கு ஆசிட் ஊற்றச் சொன்னவர் உண்டு. அது தகட்டையும் தின்றுவிடும். நாம் ஊற்றியது புளிக்கரைசல். இரண்டு கிலோ பழம்புளியைக் கரைத்து ஊற்றி, ஒரு கைப்பிடி சிறு ஜல்லியும் போட்டுக் காலையும் மாலையும் குலுக்கி, ஐந்தாம் நாள் கொட்டியபோது காப்பித் தூள் நிறத்தில் துரு வந்தது. பிறகு சலவைச் சோடா கரைத்த நீரால் அலசி, வெயிலில் காய்ந்தவுடன் எண்ணெய் சுற்றி வைத்தோம். அந்தப் புளி அடுப்படியிலிருந்து எடுக்கப்பட்டது என்பது இரண்டு நாள் கழித்து வெளிப்பட்டது. அம்மாதம் டப்பாவுக்கு 1,200-க்குப் பதிலாக 900 வந்து சேர்ந்தது.

சாவிக்கு நம் ஊரே கைகொடுத்தது. ஜாவாவின் சாவி மற்றச் சாவிகளைப் போன்றதன்று. தலை தட்டையான ஓர் ஆணி. முகப்பு விளக்கின் மேலுள்ள துளையில் அதைச் செருகினால் மின்சாரம் பாயும். ஒரு ஜாவாவின் ஆணி மற்றொன்றுக்கும் பொருந்தும். அக்காலத்தவர் ஒருவரையொருவர் அவ்வளவு நம்பியிருந்தனர் போலும். திண்டுக்கல்லின் பூட்டு வேலை 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் மாங்காய்ப் பூட்டுக்குக் கையால் அரம் போடும் முதியவர்கள் ஊரில் விரல்விட்டு எண்ணும் அளவே எஞ்சியிருக்கின்றனர். அவர்களில் ஒருவர் பித்தளையில் அந்த ஆணியைக் கடைந்து தந்து, காசு வாங்க மறுத்துவிட்டார். “பூட்டே இல்லாத சாவிக்கு என்ன கூலி?” என்றார்.

2019 செப்டம்பரில் ஒரு நாள், பாயிண்ட் இடைவெளியைச் சரிபார்த்து, டைனமோவின் ஆர்மேச்சரைப் புதிதாகச் சுற்றி மாட்டியபின், ஏழாவது உதையில் வண்டி உயிர்பெற்றது. அதுவரை ஆன செலவு, வாங்கிய விலையும் சேர்த்து, 30,000-க்குச் சற்று அதிகம். இருபது மாதம். மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்று சொன்னார்.

அடுத்த மாதம் கோவையிலிருந்து ஒருவர் வந்தார். 2018 நவம்பரில் ஜாவா என்னும் பெயரில் புதிய வண்டிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து பழையவற்றுக்கும் கிராக்கி ஏறியிருந்தது. அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, 1,10,000 தருவதாகச் சொன்னார். நாம் விற்பதாயில்லை என்றோம். அவர் சென்றபின் மனைவியார் திரைக்கு அப்பாலிருந்து வந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அந்த 7,000 ரூபாய் என்ற விலையைச் சொன்னது யாருங்க? அவங்களா, நீங்களா?”

நமக்கு நாமே தயாரித்து வைத்திருந்த விடைகள் பல இருந்தன. இரும்புக்குப் போயிருந்தால் பாதிகூட வந்திராது. உழைப்பு நம்முடையது, 23,000 ரூபாய்ச் செலவும் நம்முடையது, உழைப்பால் உயர்ந்த விலையில் விற்றவருக்குப் பங்கில்லை. இவை யாவும் உண்மையே. ஆனால் மனைவியார் கேட்டது 1,10,000-ஐப் பற்றியன்று; 7,000-ஐப் பற்றி. பொருளின் விலை அறியாத ஒருவர், அறிந்தவரை நம்பி, “நீங்களே சொல்லுங்கள்” என்று விட்டுவிடும்போது, அறிந்தவர் குறைத்துச் சொல்வதை ஃபிக்ஹு நூல்கள் ‘கப்னு’ என்னும் பகுதியில் பேசுகின்றன. ஜும்ஆவில் பலமுறை கேட்டிருக்கிறோம். அப்போதெல்லாம் நம் கண்முன் வந்தவர்கள் அரிசி மண்டிக்காரர்களும் நகைக்கடைக்காரர்களும். டப்பாவில் 1,200 ரூபாய் போட்டு வைக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அந்தப் பகுதியில் இருக்கக்கூடும் என்று தோன்றியதில்லை. பணம் குறைவு என்பதே நமக்கு ஒரு மறைப்பாக இருந்தது. குறைந்த பொருளில் செய்கிறோம் என்ற பெருமையின் ஒரு பகுதிக்கு அந்த அம்மையார் பணம் கட்டியிருக்கிறார்.

கரூர் விலை 25,000. நாம் தந்தது 7,000. மீதி 18,000 அவருக்குச் சேரவேண்டும் என்று கணக்கிட்டோம். டப்பாவில் 640 ரூபாய் இருந்தது. ராஜ்தூத்தை விற்றோம். அதற்கு 22,000 கிடைத்தது. வாங்கிய இளைஞரிடம் அதன் குறைகளையெல்லாம், அவர் கேளாதவற்றையும் சேர்த்து, வரிசையாகச் சொன்னோம். அவர் நம்மை ஐயத்தோடு பார்த்துவிட்டு இரண்டாயிரம் குறைத்துக் கேட்டார். அதற்கு இணங்காமல் நின்றோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. பதிவுப் புத்தகம் இறந்துபோனவர் பெயரில் இருந்தது. நம் பெயருக்கு மாற்ற வாரிசுச் சான்றும், வாரிசுகளின் கையெழுத்தும் வேண்டும். அதாவது அந்த அம்மையாரிடம் நாம் எப்படியும் போயாக வேண்டியிருந்தது. பணத்தையும் விண்ணப்பப் படிவங்களையும் ஒரே பையில் வைத்தபோது மனைவியார் படிவங்களை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். “இரண்டையும் ஒரே நாளில் கொண்டு போகாதீங்க. எதுக்காக வந்தீங்கன்னு அவங்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது” என்றார்.

நவம்பரில் ஒரு காலைப் பேருந்தில் சென்றோம். கொட்டகை இருந்த இடத்தில் ஓடு வேய்ந்த அறை ஒன்று எழுந்திருந்தது. அம்மையார் சலாமுக்குப் பதில் சொல்லி, அடையாளம் கண்டு, திண்ணையில் பாய் விரித்தார். நாம் வந்த காரணத்தைச் சொன்னோம். நீட்டிச் சொல்ல முடியவில்லை. அன்று 25,000 பெறும் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தும் 7,000 என்றோம்; இது மீதி; பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றோம்.

அவர் மறுக்கவில்லை; வாழ்த்தவுமில்லை. பணத்தை வாங்கி இரண்டு முறை எண்ணினார். பிறகு சொன்னார்: “இதைப் பற்றி என் மகன் ஒரு வருசமா என்னைக் கேட்டுக்கிட்டே இருக்கான் தம்பி. போன்லே ஏதோ பார்த்திருக்கான். அத்தா வண்டியை யாருக்கோ தூக்கிக் கொடுத்திட்டீங்களேன்னு. வெள்ளிக்கிழமை போன் வந்தாலே எனக்குப் பயமா இருக்கும்.”

நாம் தலை குனிந்திருந்தோம். நாம் கணக்கிட்ட 18,000-க்குள் இந்த ஓராண்டு வெள்ளிக்கிழமைகள் அடங்கவில்லை.

“இதை நீங்களே அவன்கிட்டே சொல்லுங்க” என்று கைப்பேசியில் மகனை அழைத்து நம் கையில் தந்துவிட்டார். அங்கே அவர் வேலையில் இருந்தார். பின்னணியில் இயந்திரங்களின் இரைச்சல். முழுதும் கேட்டார். நெடுநேரம் பேசவில்லை.

“மாமா, வண்டியை எத்தனைக்கு வித்தீங்க?”

“விற்கவில்லை. நம் வீட்டில்தான் இருக்கிறது.”

மறுபடியும் மௌனம். “சின்ன வயசிலே தொட்டி மேலே உட்கார்ந்துதான் நான் ஸ்கூலுக்குப் போனேன். அம்மாவைத் திட்டினது அந்தக் காசுக்காக இல்லை” என்றார். பிறகு, “விற்கிறதா இருந்தா முதல்லே எனக்குச் சொல்லுங்க. என்ன விலை ஆனாலும்” என்றார்.

அவ்வாறே வாக்களித்தோம். அந்த வாக்கு இன்றும் நிற்கிறது. அதனால் இந்த வண்டியை நம்முடையது என்று சொல்லும்போதெல்லாம் நாவு சற்றுத் தயங்குகிறது. 2021-இல் ஐம்பதாண்டு கடந்த வண்டிகளுக்கென மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. கட்டணம் 20,000 ரூபாய், வண்டியைக் காட்சிக்கும் பவனிக்கும் போன்றவற்றுக்கே வெளியே எடுக்கலாம் என்றது. டப்பாவின் நிலையைக் கருதியும், ஓடாத வண்டியில் நமக்கு ஈடுபாடு இல்லாமையாலும், பழைய பதிவையே புதுப்பிக்கும் வழியில் சென்றோம். அதற்கான கையெழுத்துகளை அம்மையாரும் மகனும் பின்னர், அவர் விடுமுறையில் வந்தபோது, இட்டுத் தந்தனர். அது வேறு கதை. அலுவலகப் படிகளின் கதை.

அன்று புறப்படும்போது அம்மையார், “அது ஓடுதா?” என்று கேட்டார். வண்டியின் ஓசையைக் கைப்பேசியில் பதிந்து வைத்திருந்தோம். திண்ணையில் வைத்து அதை ஒலிக்கச் செய்தோம். அவர் காதை அருகே கொண்டு வந்து, கண்ணை மூடிக் கேட்டார். நாம் பாராட்டை எதிர்பார்த்தோம்.

“இது அவர் வண்டிச் சத்தம் இல்லையே” என்றார். “ஒரு பக்கம் மூச்சு முட்டுது. சைலன்சர் உள்ளே இருக்கிற குழாயை வருசம் ஒரு தடவை கழற்றி, கொல்லையிலே விறகு போட்டுச் சுட்டுக் கரியைத் தட்டுவார். நான்தான் தண்ணீர் தெளிப்பேன். அதைப் பார்த்தீங்களா?”

பார்த்திருந்தோம், வலப்பக்கத்தை மட்டும். இடப்பக்கத்து உட்குழல் காணாமற்போயிருந்ததால் கடையில் வாங்கிய போலிக்குழல் ஒன்றைப் போட்டிருந்தோம். வீடு திரும்பிக் கழற்றிப் பார்த்தால், அதில் துளைகள் பாதிதான் இருந்தன. எழுபது வயது மெக்கானிக்கும் நாமும் இரண்டு மாதமாகக் கேட்டு மகிழ்ந்த ஓசை அது.

வாசல்வரை வந்தவர், திடீரென்று நினைவு வந்தவராய், கொல்லைப்புறம் போனார். நாமும் பின்னே சென்றோம். அங்கே கோழிக்கூடு ஒன்று இருந்தது. அதன் கதவுக் கொண்டியில் துருவேறிய ஓர் ஆணி செருகியிருந்தது. தலை தட்டையாக, கழுத்தில் ஒரு வளையத்துடன்.

“நீங்க அன்னைக்குச் சாவி கேட்டப்போ பூட்டுச் சாவியைத்தான் தேடினேன். இது அதுவா பாருங்க” என்றார்.

அதுதான். உருவித் தந்தார். கோழிகள் கதவை முட்டின. அவர் வேப்பமரத்தடியில் கிடந்த குச்சி ஒன்றை ஒடித்து, பல்லால் தோலை உரித்து, அந்தக் கொண்டியில் செருகினார்.